பாட்டு வீட்டுக்காரர்

எனக்கு யாரும் பத்திரிகை வைக்காத கல்யாணம் அது. பெண் யார், மாப்பிள்ளை யார் என்பதையே மண்டப வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட ஒரு வரவேற்புக்கு விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ் ஏறிப் போய், முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தவன் நான். வெட்கமாக இல்லையா என்று கேட்டால், இல்லை. அந்தச் சாயங்காலத்தை நினைக்கும்போதெல்லாம் மனசு நிறைய நன்றிதான் வருகிறது.

போனது சாப்பாட்டுக்காக இல்லை, பாட்டுக்காக. எங்கள் பக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழு இருக்கிறது. பெயர் வேண்டாம். சொன்னாலும் எங்கள் மாவட்டத்தைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. பாட ஓர் ஆண், ஒரு பெண், கீபோர்டு, கிடார், தபேலா, ரிதம் பேடு, அவ்வளவுதான். கூழ் ஊற்றுகிற அம்மன் கோயில், தேர் எடுக்கிற மாதா கோயில், காதுகுத்து, கல்யாணம் என்று எங்கே கூப்பிட்டாலும் வந்து சினிமாப் பாட்டு பாடுவார்கள். ஆனால் கையால் வாசித்துப் பாடுவார்கள். இப்போது நிறைய குழுக்கள் லேப்டாப்பில் டிராக் போட்டுவிட்டு, கிடாரைச் சும்மா மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதைக் கச்சேரி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். டிராக் தப்புப் பண்ணாது. தப்புப் பண்ண வாய்ப்பே இல்லாத இடத்தில் நான் எதற்கு உட்கார வேண்டும்?

நான் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். கடை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு இந்தக் குழு பாடுகிற ஊருக்குப் போய்விடுவேன். காணை, வளவனூர், குயிலாப்பாளையம் என்று நான் போகாத ஊர் கிடையாது. கல்யாணம் ஆன புதிதில் என் மனைவி அழுது பார்த்தாள். பிறகு அந்தக் குழுவுக்கே ‘என் சக்களத்தி’ என்று பெயர் வைத்துவிட்டாள். “இன்னிக்கு சக்களத்தி எந்த ஊருல?” என்றுதான் கேட்பாள்.

அவர்கள் பாடுகிற பாட்டில் எனக்கென்று ஒன்று உண்டு. எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களுக்கு உங்கள் ஞாபகம் வந்துவிடும், என் கதை நின்றுவிடும். அந்தப் பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் ஒரு மூச்சு நேரம் நின்றுபோகும். அந்த அமைதிக்குப் பிறகு தபேலா மட்டும் தனியாக வந்து விழ வேண்டும். ஆனால் எங்கள் ஜனம் அந்த அமைதியை விட்டு வைக்காது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டி, விசிலடித்து, அதை நாசம் பண்ணிவிடும். நான் முன்னால் உட்கார்ந்து, அந்த இடம் வரும்போது வலது கையைத் தூக்குவேன். ‘இருங்கப்பா, இன்னும் முடியல’ என்று அர்த்தம். தபேலா விழுந்ததும் கையை இறக்குவேன். இத்தனை வருஷத்தில் என் கையை மதித்து ஒருத்தரும் கைதட்டலை நிறுத்தியது கிடையாது. ஆனாலும் தூக்குவேன். அது எனக்கும் பாட்டுக்கும் உள்ள கணக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பி.பி. முற்றி என் இரண்டு கிட்னியும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும். பழம், இளநீர், ஊறுகாய், கீரை எல்லாவற்றுக்கும் தடை. நாள் முழுக்க நின்று புடவை விரிக்கிற வேலையை விட்டேன். கச்சேரியும் நின்றுபோனது. திருவிழா மேடைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தால் என்னால் எழுந்திருக்க முடியாது, கூட்டத்தில் நிற்கவும் முடியாது. ஃபோனில் கேட்டேன். ஃபோனில் கேட்பது சாப்பாட்டு ஃபோட்டோவைப் பார்த்துப் பசியாறுகிற மாதிரி.

மெல்ல மெல்ல எனக்கு எதிலும் ஆசை இல்லாமல் போயிற்று. யாராவது ‘அடுத்த மாசம்’ என்று பேச்செடுத்தால் எரிச்சல் வரும். ஒரு திங்கட்கிழமை காலையில் மனைவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பி நின்றபோது, நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. “போதும். இனிமே நான் வர்ல” என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். டயாலிசிஸ் நின்றால் எத்தனை நாள் ஓடும் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்களைப் பார்த்து நாங்கள் இரண்டு பேருமே கற்றுக்கொண்டிருந்தோம்.

அவள் அழவில்லை. சண்டையும் போடவில்லை. பையை ஆணியில் மாட்டிவிட்டு அங்கன்வாடி வேலைக்குப் போய்விட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் ஃபோனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். குழுக்காரர்கள் ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். இன்று மாலை திண்டிவனத்தில் திருமண வரவேற்பு நிகழ்ச்சி, மண்டபத்தின் பெயர் இன்னது.

“என் சக்களத்தி இன்னிக்குத் திண்டிவனத்துல இருக்கா” என்றாள்.

“யாரு கல்யாணம்?”

“யாருதா இருந்தா நமக்கு இன்னா? மண்டபம்னா சேர் போட்டிருப்பாங்க. ஃபேன் ஓடும். பாத்ரூம் இருக்கும். உங்களால உக்கார முடியும்.”

“கூப்புடாத கல்யாணத்துக்கா?”

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு நான் கூப்புட மாட்டேன். அது உங்க இஷ்டம். இன்னிக்கு மட்டும் என் கூட வாங்க.”

கடைசியாக ஒரு தடவை என் ஆசையைத் தீர்த்துவைக்கப் பார்க்கிறாள் என்று புரிந்தது. சரி என்றேன்.

ஜவுளிக்கடையில் இருந்தவன் என்பதால் எனக்கு ஒன்று தெரியும். பட்டுப்புடவை கட்டித் தலையில் பூ வைத்தவளையும், பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் வருகிறவனையும் எந்த மண்டபத்திலும் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். அவள் அரக்கு நிறப் பட்டைக் கட்டிக்கொண்டாள். நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன். டயாலிசிஸுக்காக இடது கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம் புடைத்துக்கொண்டிருக்கும், அதை மறைக்கத்தான். “ஓசியில பாட்டுக் கேக்கக் கூடாது” என்று ஓர் எவர்சில்வர் சம்படத்தை வாங்கிக் கலர் பேப்பர் சுற்றி எடுத்துக்கொண்டாள். திருடப் போகிற இடத்தில் என்ன நியாயம் என்று கேட்டேன்.

பஸ்ஸில் எனக்கு மூச்சு வாங்கியது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு உடம்பிலிருந்து தண்ணீர் எடுக்கவில்லையே, கால் இரண்டும் வீங்கி செருப்பு இறுக்கியது. ஜன்னலோரம் உட்காரவைத்து அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். “என்னைப் பாக்கறத வுட்டு வெளிய பாரு” என்றேன்.

நாங்கள் மண்டப வாசலுக்குப் போய்ச் சேர்ந்த அதே நேரத்தில் ஒரு வாடகை பஸ் வந்து நின்றது. மாப்பிள்ளை செஞ்சிப் பக்கம் போலிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மொத்தமும் அதிலிருந்து இறங்கினார்கள். ஆப்பிள், ஆரஞ்சு, பூ, இனிப்பு என்று தட்டுத் தட்டாக இறங்கியது. நாங்கள் ஒதுங்கி நிற்பதற்குள் பஸ் படியில் நின்ற ஒரு பெண், “அக்கா, இத்தக் கொஞ்சம் புடிங்க, ஜல்தி” என்று என் மனைவியின் கையில் ஓர் ஆப்பிள் தட்டைத் திணித்துவிட்டு அடுத்ததை எடுக்கத் திரும்பிவிட்டாள். வரிசைத் தட்டை வாங்கியபின் கீழே வைக்க முடியுமா? என் மனைவி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வரிசையோடு உள்ளே போனாள். மேளம் முன்னால், தட்டுகள் நடுவில், நான் பின்னால். வாசலில் எனக்குப் பன்னீர் தெளித்தார்கள். வேர்வையில் நனைந்த பட்டுச் சட்டையோடு ஒருவர் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர்தான் பெண்ணைப் பெற்றவர்.

“வாங்க வாங்க. பிரயாணம் சௌகரியமா இருந்துதா?”

“இருந்துது” என்றேன். பொய் இல்லையே.

முன்வரிசையில் சோபா மாதிரி நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். மனைவி தட்டோடு மேடைப் பக்கம் போனவள் பெண்கள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாள். மணமேடைக்கு இடப்பக்கம் சின்ன மேடை. அங்கே அவர்கள் இருந்தார்கள். பாடகி கொஞ்சம் உடம்பு போட்டிருந்தார். கீபோர்டுக்காரருக்குத் தலை நரைத்திருந்தது. தபேலாக்காரர் எப்போதும் போல மடியில் துண்டை விரித்துக்கொண்டு, சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் என் நெஞ்சில் கேட்டது. ஃபோனில் இது வராது. ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் பாட்டு காதுக்கு வருவதற்கு முன்னால் நாற்காலிக்கு வரும், வயிற்றுக்கு வரும். முதல் பாட்டு, வழக்கம்போலப் பிள்ளையார் பாட்டு. இரண்டாவது வரியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருஷம் என்னிடமிருந்து எதையோ எடுத்து ஒளித்து வைத்திருந்தவர்கள் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் பாதாம்பால் வந்தது.

“வேணாம்மா” என்றேன். தட்டு ஏந்திய பெண் சிரித்துவிட்டுப் போனாள். அடுத்துப் பழரசம். “வேணாம்மா.” அடுத்து ஒருவர் வந்து, “வாங்க, மொத பந்தி போட்டாச்சு, மாப்ள வீட்டுக்காரங்க எல்லாம் உக்காந்துட்டாங்க” என்றார். “இல்ல, எனக்கு வேணாம்” என்றேன். அவர் முகம் மாறியது.

கல்யாண வீட்டின் சட்டம் தெரியாதவன் இல்லை நான். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர், வயசானவர், முதல் பந்திக்கு வராமல், பால் வாங்காமல், தனியாக உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோபித்துக்கொண்டார். எங்கேயோ மரியாதை குறைந்துவிட்டது. அந்தக் கோபத்தை அன்றைக்கே தீர்க்காவிட்டால் பெண் போன இடத்தில் பத்து வருஷத்துக்குக் குத்திக் காட்டுவார்கள். இதெல்லாம் தெரிந்தும் எனக்கு அந்த நேரம் உறைக்கவே இல்லை. நான் தபேலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பெண்ணின் சித்தப்பா வந்தார். “பஸ்ல எதனா பேஜாரு ஆயிடுச்சா?” என்றார். அடுத்துத் தாய்மாமன் வந்து சந்தனம் கொடுத்தாங்களா என்று விசாரித்தார். இரண்டு பேரும் எனக்கும் மேடைக்கும் நடுவில் நின்று பேசினார்கள். அவர்கள் நின்ற நேரத்தில் ஓர் அருமையான பாட்டு முழுசாகப் போய்விட்டது. அடுத்த பாட்டும் பாதி போனது. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்!” என்றேன். கத்திவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆச்சு, முடிந்தது கதை. மண்டபத்தில் செய்தி பரவியது. பெண்ணின் அப்பா போய் மாப்பிள்ளையின் பெரியப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். “உங்க ஆளு கோச்சிக்கினு உக்காந்திருக்காரு. நீங்கதான் சொல்லணும்.” பெரியப்பா என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். என்னை அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் சம்பந்தி முன்னால், ‘இவர் யாருன்னே எனக்குத் தெரியல’ என்று சொந்தக்காரரைப் பற்றிச் சொல்ல முடியுமா? மனுஷர் சமாளித்தார்.

“அவரு எப்பவுமே அப்பிடித்தாங்க. முன்கோபி. எங்க வீட்டுக் காரியத்துலயே எத்தினி தபா எழுந்து போயிருக்காரு, கேட்டுப் பாருங்க” என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். அது அவர்களுக்கு இன்னும் பெரிய கோபமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பெண்ணின் அப்பா என் காலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கைகூப்பினார். “ஒரே பொண்ணுங்க. தெரிஞ்சோ தெரியாமலோ எங்க பக்கம் எதனா கொற இருந்தா மனசுல வெச்சிக்காதீங்க. ஒரு வாய் தண்ணியாவது குடிங்க. நீங்க குடிச்சாத்தான் எனக்கு நிம்மதி.” பக்கத்தில் வைத்திருந்த ஒரு சொம்பு நிறையத் தண்ணீரை எடுத்து நீட்டினார்.

சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. அந்த ஒரு சொம்புத் தண்ணீர் என் ஒரு நாள் கணக்கு. அதுவும் ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருக்கிற உடம்பு. குடித்தால் நான் கெட்டேன், குடிக்காவிட்டால் அவர் கெட்டார். பெண்ணைப் பெற்ற ஒருவரை இப்படிக் கைகூப்ப வைத்துவிட்டேனே என்று உடம்பு கூசியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கீபோர்டில் அந்தப் பாட்டின் முதல் இழை ஆரம்பித்தது. என் பாட்டு.

என்ன செய்தேன் தெரியுமா? விரலை உதட்டில் வைத்து, அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். கெஞ்சுகிற மாதிரி பக்கத்து நாற்காலியைத் தட்டினேன். அவரும் சொம்போடு உட்கார்ந்தார். மாமன், சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். மண்டபத்தில் பாதிப் பேர் மேடையைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பல்லவி போயிற்று. முதல் சரணம் போயிற்று. பாடகி பல்லவிக்குத் திரும்பி வந்து கடைசிச் சொல்லை இழுத்து நிறுத்தினார். எல்லா வாத்தியமும் நின்றது. என் வலது கை தானாக மேலே போனது.

ஒருத்தரும் கைதட்டவில்லை.

ஒரு விசில் இல்லை, ஓர் இருமல் இல்லை. கோபக்காரச் சம்பந்தி கையைத் தூக்கியிருக்கிறார், என்ன சொல்லப் போகிறாரோ என்று மொத்த மண்டபமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. சமையல்கட்டில் கரண்டி வைக்கிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்த இடத்தை அதன் முழு அமைதியோடு நான் கேட்டது அன்றைக்குத்தான். ஏன் இவ்வளவு அமைதி என்று குழம்பி, தபேலாக்காரர் தலையை நிமிர்த்தினார். தூக்கிய கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். வாசிக்க வேண்டிய நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, சிரித்துக்கொண்டே வாசித்தார். அந்த முதல் அடி வந்து விழுந்தபோது எனக்கு அழுகை வெடித்துவிட்டது. மறைக்கவில்லை. கையை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் தபேலாக்காரர் எழுந்து பாடகியின் காதில் ஏதோ சொன்னார். அவர் மைக்கை எடுத்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி உக்காந்திருக்கற அண்ணன் எங்களுக்கு ரொம்ப வேண்டியவரு. பேரு தெரியாது. கைய தூக்குற அண்ணன்னுதான் எங்களுக்குள்ள பேரு. விழுப்புரம்னு மட்டும் கேள்விப்பட்டிருக்கோம், எங்க ப்ரோக்ராம் எங்க இருந்தாலும் வந்துருவாரு. ரெண்டு வருஷமா காணோம். ஒவ்வொரு ஊர்லயும் மேட ஏறுனதும் நாங்க மொதல்ல தேடுறது இவரத்தான். இருக்காரா இல்லியான்னுகூட எங்களுக்குத் தெரியல. இன்னிக்குப் பாத்துட்டோம்.”

கூட்டத்தில் ஒருத்தன் என்றுதான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அவர்களைப் பார்க்கிறேன், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அங்கிருந்தும் ஒரு பார்வை வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் கட்டிலில் கிடந்த மாசமெல்லாம் ஊர் ஊராக என்னைத் தேடியிருக்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய அந்த நேரத்தில், பக்கத்தில் இருந்தவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“விழுப்புரமா?” என்றார் பெண்ணின் அப்பா. “அப்ப நீங்க செஞ்சி இல்லியா?”

பெரியப்பா கூரையைப் பார்த்தார்.

“இல்லீங்க” என்றேன். “மாப்ள வீடு இல்ல. பொண்ணு வீடும் இல்ல. பாட்டுக் கேக்க வந்தேன்.”

“அப்ப நீங்க கோச்சிக்கலையா?”

“இல்லீங்க.”

“மாப்ள வீட்ல யாரும் கோச்சிக்கல?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க.”

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். மனுஷர் தலையில் கைவைத்து, “அப்பாடா!” என்று ஒரு பெருமூச்சு விட்டு, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருடைய வேர்வை முழுக்க என் சட்டையில். சொம்புத் தண்ணீரை அவரே மடமடவென்று குடித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை. “யோவ், பொண்ணு வீடு இருக்கு, மாப்ள வீடு இருக்கு. இவரு பாட்டு வீடுய்யா!” என்று சுற்றி இருந்தவர்களிடம் சொன்னார். கோபித்துக்கொள்ளாத ஓர் ஆளைப் பார்த்து ஒரு மண்டபமே இவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்குள் என் மனைவி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். “அவருக்குக் கிட்னி இல்லீங்க, தண்ணி குடுத்துறாதீங்க, மன்னிச்சிக்கோங்க, அந்தத் தட்டு நானா எடுக்கல, அவங்களாத்தான் குடுத்தாங்க” என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கலர் பேப்பர் சுற்றிய சம்படத்தை அவர் கையில் திணித்தாள்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என் வீங்கிய காலைப் பார்த்தார். “இந்த ஒடம்ப வெச்சிக்கினு பஸ்ல வந்தீங்களா?” என்றார். அவரே பந்திக்குப் போய், என் மனைவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, சட்னி சாம்பார் இல்லாமல் இரண்டு இட்லியும் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சர்க்கரையும் கொண்டுவந்து, என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு வைத்தார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அன்றைக்கு, ஆயிரம் வேலைக்கு நடுவில், வந்து ஒட்டிக்கொண்ட ஒரு வழிப்போக்கனுக்கு இட்லி பிட்டுவைத்த மனுஷர் அவர். அவர் நன்றாக இருக்க வேண்டும், அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் அதற்குப் பிறகு என் கண்ணில் படவே இல்லை.

பாடுகிறவர்கள் டீ குடிக்க இடைவேளை விட்டபோது தபேலாக்காரர் இறங்கி வந்தார். எனக்கு முன்னால் நின்றார். இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது.

“ஒடம்பு சரியில்லியாண்ணா?”

“ஆமா.”

“அந்த எடத்துல ஜனங்க கைதட்டிருவாங்களோன்னு எனக்கு எப்பவும் பயம். உங்க கையப் பாத்துக்கினுதான் வாசிப்பேன். எறங்கறதுக்கு முன்னாடி கை லேசா அசையும், அதான் எனக்குக் கணக்கு. ரெண்டு வருஷமா குருட்டாம்போக்குல வாசிச்சிக்கினு இருக்கேன்” என்றார்.

அவர் அடிப்பதைப் பார்த்து நான் கையை இறக்குகிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்.

“அடுத்த வெசாழக்கெழம வளவனூர்ல ப்ரோக்ராம்” என்றார். “மேடைக்குப் பக்கத்துல சேர் போட்டு வெக்கச் சொல்றேன். வருவீங்களா?”

அடுத்த வியாழக்கிழமை. அதற்கு நடுவில் ஒரு புதன் இருக்கிறது, ஒரு வெள்ளி இருக்கிறது, ஒரு திங்கள் இருக்கிறது, இன்னொரு புதனும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நாலு மணி நேரம், இரண்டு ஊசி. என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வர்றேன்” என்றேன்.

“சும்மா சொல்லாதீங்கண்ணா.”

“வர்றேன்னு சொல்றேன்ல? சேர் போட்டு வெய்யி” என்றேன். குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது.

பாதிக் கச்சேரியிலேயே எங்களைக் கிளப்பிவிட்டார்கள். பெண்ணின் அப்பா சொந்தக்காரர் ஒருவரின் காரில் விழுப்புரம் வரை கொண்டுபோய் விடச் சொன்னார். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து, மூச்சு விட்டுக்கொண்டே ராத்திரி கழிந்தது.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் எழுந்தேன். முகம் கழுவி, அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, அவள் தோளைத் தொட்டு எழுப்பினேன். பதறிப்போய் உட்கார்ந்தாள். “இன்னாங்க? மூச்சு முட்டுதா? இன்னா பண்ணுது?” என்று என் நெஞ்சில் கைவைத்தாள்.

“ஒண்ணும் பண்ணல” என்றேன். “ஆஸ்பத்திரிக்கு நேரமாவுது, கெளம்பு.”